மூன்று பால் கேக்குக்கு ஒரு காற்றுப் பை

—அப்புறம்?

—அப்புறம் காபி. குடிச்சிட்டு, நான் சுட்ட கேக்கை வண்டியில வைப்பேன்.

—தினமுமா?

—தினமும். முன் சீட்டுல வெச்சு பெல்ட் போடுவேன். பாலம் வரைக்கும் போவேன். திரும்பி வருவேன். கதவைத் திறந்து பாப்பேன். சரிஞ்சிருக்கும். நாய்க்குப் போடுவேன். குளிச்சிட்டு பள்ளிக்கூடம் போவேன்.

—அதான பாத்தேன். உன் நாயப் பாத்தா பன்னின்னு நெனச்சு எவனாவது வறுத்து தாக்கோ ரொட்டியில சுருட்டிடப் போறான் லெயாந்த்ரோ, பாத்துக்கோ.

—குறைச்சுத் தின்னுன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது. வண்டிய மேல தூக்கிப் பாரு மச்சான்.

—தூக்கி அரை மணி நேரமாச்சு. நீ அங்க நின்னு சுவத்தைப் பாத்துட்டிருந்த. இந்தப் பக்கம் வந்து குனி. இதான் ஷாக் அப்சார்பர். எண்ணெய் இதுக்குள்ள இருக்கணும். இப்ப எங்க இருக்கு?

—வெளிய.

—வாத்தியாராச்சே, டக்குனு சொல்லிட்ட. நாலும் செத்துப் போச்சு மாப்ளே. ... மன்னிச்சுக்கோ. தேஞ்சு போச்சு.

—செத்துப் போச்சுன்னே சொல்லலாம். ஷாக்தான.

—ம்.

—மாத்திடு. கூடவே ஸ்பிரிங்குல காத்துப் பையும் மாட்டிடு. வாங்கிட்டு வந்துட்டேன். பெட்டி சீட்டுக்குப் பின்னாடி இருக்கு.

—காத்துப் பையா? எந்த மகராசன் சொன்னான்?

—போன்ல பாத்தேன். மெத்தை மாதிரி போகுமாம்.

—போன்ல பாத்தானாம். இங்க பாரு மாப்ளே. காத்துப் பை பாரம் தாங்கும். குலுக்கல அடக்குறது ஷாக். ரெண்டும் வேற வேற வேலை. இந்த எவாரிஸ்தோ கையால இது வரைக்கும் ரெண்டு பேருக்கு மாட்டிருக்கேன். ஒருத்தன் குதிரை ட்ரெய்லர் இழுக்குறான். இன்னொருத்தன் சர்ச் வாசல்ல நிறுத்தி வண்டிய மேலயும் கீழயும் ஆட்டுறான், பொண்ணுங்க பாக்கணும்னு. நீ எதுல சேத்தி? என்ன ஏத்தப் போற?

—கேக்.

—கேக்கு. எவ்ளோ கனம்?

—மூணு அடுக்கு. ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும்.

—ஆட்டுக்குட்டிக்கு காத்துப் பை! வெறும் வண்டியில இதை மாட்டினா வண்டி இன்னும் விறைச்சுக்கும். முதல் மேட்டுலயே கேக் கூரையில ஒட்டும்.

—சனிக்கிழமை விசேஷம்.

—எனக்கே சொல்றியா? என் பொண்ணு யாரெட்சிக்குத்தான் பதினஞ்சு வயசு முடியுது. மண்டபம் பேசியாச்சு. பாட்டுக்காரங்களுக்கு முன்பணம் குடுத்தாச்சு. கேக்கு டவுன் கடையில வாங்கிக்கலாம்னு என் வீட்டுக்காரி சொல்றா. ஞானத்தாயா எதிர்வீட்டு ஓஃபேலியா நிக்கிறேன்றா. செருப்பு வாங்கித் தர ஒரு ஞானத்தாய், பூ வாங்கித் தர ஒரு ஞானத்தாய், கேக்கு வாங்கித் தர ஒரு ஞானத்தாய். யாராவது ஒருத்தி நிக்கணும், அவ்ளோதான?

—கேக்குக்கு நெரெய்தா.

—என் தங்கச்சி இப்ப இல்லடா.

—யாரெட்சி பால்பல்லு விழுந்தப்ப வாக்குக் குடுத்தா. பொண்டாட்டி குடுத்த வாக்கு புருஷனுக்கும்தான். மைக்குல ஒவ்வொரு பேரா படிப்பாங்கல்ல. அவ பேரைப் படிக்கணும். படிக்கும்போது கேக் சாயாம நிக்கணும்.

—... அதுக்கு மூணு பால் கேக்கேதான் வேணுமா? பாலுல ஊறி, தொட்டாலே வழுக்கிட்டுப் போகும். காஞ்ச கேக்கா ஒண்ணு பண்ணேன்.

—மூணு பால்னுதான் சொல்லியிருந்தா.

—அதுவும் சரிதான். உனக்கு நல்லா வருதா?

—நாய் இது வரைக்கும் குறை சொல்லல.

—ஒண்ணு கேக்குறேன். இதே ஓட்டை வண்டி. இதே ரோடு. பாலத்துக்கு முன்னாடி இருக்குற அதே வேகத்தடை மேடு, வண்டியில அடிபட்டு கோழி சாகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரனே கட்டினானே, அது. அவ எப்படி வருஷக் கணக்கா ஊர் விசேஷத்துக்கெல்லாம் கேக் கொண்டு போனா?

—மடியில வெச்சுட்டு.

—அதான்! அவ மடிதான் ஸ்பிரிங்கு. அவ கைதான் ஷாக்கு. மேடு வந்தா ரெண்டு கையாலயும் கேக்க அப்படியே தூக்குவா, வாய் மட்டும் உன்னைத் திட்டிட்டே இருக்கும். பாத்திருக்கேன். இதுக்கு எதுக்கு காத்துப் பை? சனிக்கிழமை நான் உக்காந்து பிடிச்சுக்குறேன்.

—வேண்டாம்.

—என் தொப்பை மேல வெச்சா அசையவே அசையாது மாப்ளே.

—வேண்டாம் மச்சான்.

—சரி, யாரெட்சி பிடிக்கட்டும்.

—அந்த கவுனோடயா?

—ஆமா, அது உள்ள வந்தா நீ வெளிய தொங்கணும். அப்ப வேற யாராவது.

—யாரும் கேக்கப் பிடிக்க வேண்டாம். அந்த சீட்டுல ஆள் வேண்டாம்.

—என்னடா பிடிவாதம் இது? நான் பொண்ணோட அப்பன். வழியில கேக் சரிஞ்சு போய், மைக்குல என் தங்கச்சி பேரைப் படிக்கும்போது ஊரே சிரிச்சா நான் தாங்க மாட்டேன். ஆள் உக்காருதுன்னு சொல்லு. இல்லேன்னா வண்டிய இறக்க மாட்டேன். இப்படியே தொங்கட்டும்.

—தொங்கட்டும்.

—காரணத்தையாவது சொல்லித் தொலை.

—அன்னிக்கும் கேக் மடியிலதான் இருந்துச்சு.

—தெரியும். அந்த மேட்டுல வண்டி தூக்கிப் போட்டதாலதான்னு நெனக்கிறியா? டாக்டர் என்ன சொன்னாரு?

—தலைக்குள்ள ரத்தக் குழாய். கட்டில்ல படுத்திருந்தாலும் வெடிச்சிருக்கும்னாரு.

—பாத்தியா. அப்ப வண்டி மேல பழி இல்ல. உன் மேலயும் இல்ல.

—இல்ல.

—அப்புறம் என்ன? ... இரு. இரு. அன்னிக்கு கேக் சொல்லியிருந்த கல்யாண வீட்டுக்காரங்க ரோட்டுக்கே வந்து கேக்க வாங்கிட்டுப் போனாங்க. முழுசா இருந்துச்சாமே.

—ஒரு பூ கூட உதிரல.

—இந்த ஷாக்க வெச்சுட்டா? அந்த மேட்டுலயா? அவ சாஞ்சிருந்தா கேக்கு தரையிலல்ல கிடக்கணும். யாரு பிடிச்சா?

—நான்.

—நீ ஓட்டிட்டில்ல இருந்த?

—நிறுத்திட்டேன். அவளைப் பிடிக்கத்தான் கைய நீட்டினேன்.

—நீட்டின?

—கேக்கப் பிடிச்சேன். ரெண்டு கையாலயும். அவ கதவுப் பக்கம் சாஞ்சா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் பிடிச்சுட்டே இருந்தேன்.

—அம்மா கிட்ட வேற மாதிரில்ல சொன்ன. அவ கடைசியா மாதாவைக் கூப்பிட்டான்னு.

—அத்தை கேட்டாங்க. சொன்னேன்.

—கூப்பிடலையா?

—இல்ல.

—... பின்பக்கம் நாலு சிமென்ட் மூட்டை கிடக்கு. வண்டியில அச்சுக்கு நேரா அடுக்குவோம். பாரம் இருந்தா உன் காத்துப் பை மெத்தையாத்தான் போகும். புது ஷாக் நாலும் போட்டுடறேன். சீட்டுல யாரும் வேண்டாம். கேக் தனியா பெல்ட் போட்டுட்டு வரட்டும். நான் என் வண்டியில பின்னாடியே வர்றேன்.

—சரி மச்சான்.

—மாப்ளே.

—ம்.

—என் தங்கச்சி கடைசியா என்னதான் சொன்னா?

—"என்னை விடு. கேக்கப் பிடி"ன்னா.