கதையில் அவனைக் கொன்றவள்

“கதையில வர்ற அந்த முஸ்லிம் பையன ஏன்டி சாகடிச்ச?”

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவள் மடியிலிருந்த கொப்பியை மூடிவிட்டுத் தோழியிடம் கேட்டாள். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும்.

“அவன் உசிரோட இருந்தா கதையில வர்ற பொண்ணு அவன்கூட வீட்ட விட்டுப் போகணும். எனக்கு அத எழுத வரல.”

“அப்பாவுக்குப் பயந்து நீதான் அன்னைக்கு அவரோட போகல. அவளாவது போகட்டுமே.”

எழுதியவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“தெல்தெனிய பஸ் எத்தன மணிக்குன்னுகூட அன்னைக்குக் கேட்டு வச்சிருந்தேன்.”

“அவரு அங்க காத்துக்கிட்டு இருந்தாரா?”

“பொழுது சாயிற வரைக்கும் நின்னாராம்.”

கேட்டவள் கொப்பியையும் பேனையையும் நீட்டினாள். மஹய்யாவ தாண்டும்போது எழுதியவள் கடைசிப் பக்கத்தைக் கோடிட்டு வெட்டிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினாள். கண்டியில் எல்லோரும் இறங்கிய பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள்.