பதினெட்டு அங்குல இடுப்பு

ஹலோ... ஹலோ, அக்கா! 'ஓர் அடி உயரப் பொம்மை ஒன்று, ஒரு தலைமுறையின் தன்னம்பிக்கையையே விழுங்கிக்கொண்டிருக்கிறது'... ஐயோ, இல்ல இல்ல, குட்டி எதையும் முழுங்கல... பொம்மையும் முழுங்கல, அதுக்கு ஏது வயிறு? நாளைக்கு ஸ்கூல் பெற்றோர் கூட்டத்துல நான் பேசணுமில்ல... காலையிலேருந்து மனப்பாடம் பண்றேன், வாயைத் திறந்தா அதுதான் வருது.

ஆமா... ஆமா, என் தையல் கடையிலதான் இருக்கேன். குட்டியும் இங்கதான். டிரையல் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கால் மணி நேரமா அழுகை. ஒம்பது வயசுப் பொண்ணு, 'நான் குண்டு, வெளியே வரமாட்டேன்'ங்கறா... ஏன்னா கேக்கறே? அவ பிறந்தநாளைக்கு நீ வாங்கிக் குடுத்தியே ஒரு பொம்மை... சரி சரி, உன்மேல பழி போடல. கேளு.

அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு நாள், 'எனக்கு ஏம்மா இடுப்பு இப்படி இல்ல'ன்னா. வேற அம்மாவா இருந்தா ரெண்டு வார்த்தை சொல்லித் தட்டிக் குடுத்திருப்பா. நான் யாரு? இருபது வருஷத் தையல்காரி. டேப்பை எடுத்தேன். பொம்மையை அளந்தேன். ஆறால பெருக்கினேன். ஆள் உசரத்துக்கு வந்துடுச்சா... இடுப்பு பதினெட்டு அங்குலம்!... ஆமாக்கா, பதினெட்டு. கடை வாசல்ல துணி மாட்டி நிறுத்தியிருக்கேனே டம்மி, அதுக்கே இருபத்தாறு.

அந்த அளவுக்கு ஒரு கவுன் தைச்சேன். நீல சாட்டின், உள்ளே லைனிங், பின்னால ஜிப்... யாராலயும் போட முடியாத கவுனுக்கு லைனிங் எதுக்கா? என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார். தொழில்ல ஒரு சுத்தம் வேணாமா? மேடையில அதைத் தூக்கிப் பிடிச்சு, 'இந்த அளவுக்கேற்ற பெண் இவ்வுலகில் பிறக்கவில்லை, பெற்றோர்களே'ன்னு சொல்லலாம்னு... கைதட்டலுக்கு நாலு வரி இடம் விட்டு எழுதி வெச்சிருக்கேன்.

ஆமா... அதையேதான். அதைத்தான் எடுத்து மாட்டிக்கிட்டா. நான் இந்தப் பக்கம் ஒருத்தங்களுக்கு அளவு எடுத்துட்டிருந்தேன். ஜிப் பாதியில நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல... எப்படிக்கா வெட்டறது? கத்தரி என் கையில, கதவு அவ கையில. கதவுக்குக் கீழே ரெண்டு குட்டிக் காலும், அதைச் சுத்திக் குவிஞ்சு கிடக்கற சாட்டினும்தான் தெரியுது.

சொல்லிப் பார்க்காம இருப்பேனா? கதவுக்கு முன்னால நின்னு முழுப் பேச்சையும் சொன்னேன். 'சந்தை நிர்ணயிக்கும் அழகு'ன்னு நான் ஆரம்பிக்கறேன், உள்ளேருந்து அவ, 'நீ மட்டும் எல்லாரையும் சதை போட்டுட்டீங்கன்னு சொல்றியே'ங்கறா... வேற யாரை? கடைக்கு வர்றவங்களைத்தான். 'போன தடவைக்கு ரெண்டு அங்குலம் ஏறியிருக்கு, வாயைக் கட்டுங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வேனில்ல... பேச்சுவாக்குலதான்... ஆமா. ஆமா, வீட்டுப்பாடம் எழுதறது என் மிஷின் பக்கத்துல உக்காந்துதான். தினமும்... தெரியுதுக்கா, நீ வேற அழுத்திச் சொல்லாதே. பொம்மை வாயே திறக்கல. திறந்தது நான்தான்.

இரு, ஒரு நிமிஷம்... என்ன கண்ணு?... ஐயோ! மெதுவா, மெதுவா!... அக்கா, கேட்டியா? 'பேங்க் ஆன்ட்டிக்குக் கோட் தைக்கறது பீரோவுக்கு உறை தைக்கற மாதிரின்னு அப்பாகிட்ட சொன்னியே'ன்னு கத்தறா... அந்த பேங்க் மேடம் இப்ப எங்கேயா? எனக்குப் பின்னால. அளவு எடுத்துட்டிருந்தேன்னேனே, அவங்கதான்... மேடம், குழந்தை ஏதோ... மேடம், உக்காருங்க, ஒரு டீ... மேடம், கழுத்துல... போயிட்டாங்க. என் டேப்பையும் கழுத்துல போட்டுக்கிட்டே போயிட்டாங்க.

சிரிக்காதே. சிரிக்கவா உனக்கு போன் பண்ணினேன்? பெரியம்மா சொன்னாத்தான் நம்புவேன்ங்கறா, அதுக்காகப் பண்ணினேன். நீ குண்டு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு... அது போதாதா? ஏன்?... ஆமா, அவ பிடிவாதம் அப்படி. யாராலயும் போட முடியாதுடின்னு சொன்னா, 'ஜிப் பாதி வந்துடுச்சே, நான் மெலிஞ்சா மீதியும் வரும்'ங்கறா. ஸ்கூலுக்குக் குடுத்துவிட்ட சாப்பாட்டு டப்பா இன்னிக்கு மூடி திறக்காமலே திரும்பி வந்திருக்குக்கா. நாளைக்கும் வேணாம்ங்கறா.

இல்ல... ஜிப் நின்னது அவ இடுப்பால இல்ல... எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். தையல்காரிக்குத் தெரியாதா?... குரல் ஒண்ணும் இறங்கலையே... நீ ஏன் போலீஸ் மாதிரி கேக்கறே?... சும்மா இரேன்க்கா...

சரி. சரி! அவகிட்டயே சொல்லிடறேன். வெச்சுடாதே, ஸ்பீக்கர்ல போடறேன், எனக்கு ஒரு துணைக்கு இரு.

குட்டி... இங்கே கேளு கண்ணு. அந்த ஜிப்புல நாலு பல்லு போயிருக்கு. அதான் மாட்டிக்கிச்சு. உன்னால இல்ல, நீ போடறதுக்கு முன்னாடியே போயாச்சு... முந்தாநாள் மத்தியானம். கடையில யாரும் இல்லாதப்ப... ஆமா, அம்மாதான்... சும்மா, கண்ணாடியில ஒரு தடவை பார்ப்போமேன்னு... ஆமா, யாராலயும் போட முடியாதுன்னு தெரியும். நானே அளந்து, நானே பெருக்கி, நானே தைச்சதுதானே... தெரிஞ்சேதான், ஜிப்பைக்கூட முழுசா இறக்காம, கால் வழியா ஏத்தி இழுத்தேன்.

அக்கா, நீ சிரிக்கிறது உள்ளே வரைக்கும் கேக்குது... இல்ல, அது நீ இல்லையா?... அது அவதான். தாழ்ப்பாள் சத்தம் கேக்குது... திறக்கறா, திறக்கறா. வைக்கறேன்க்கா... இரு, ஏதோ கேக்கறா.

என்ன கண்ணு?... எனக்கு எது வரைக்கும் ஏறிச்சா?... உனக்கு அது எதுக்கு?... சரி, சொல்றேன்.

முட்டிக்கு மேல ரெண்டு அங்குலம் வரைக்கும்தான் ஏறிச்சு.