ரொக்கத்துக்குப் பாயிண்ட் கிடையாது

பெயர்: மார்சியா ஜெலின்ஸ்கி. வயது: 58. கணவர் பெயர்: கிளென் ஜெலின்ஸ்கி. முகவரி: 414, ஹிக்கரி தெரு, எல்க் ஃபோர்ட், விஸ்கான்சின். தொழில்: பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. பதிவான நாள்: மார்ச் 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. பதிவு செய்தவர்: டிடெக்டிவ் மேலண்ட்.

நான் மேற்கண்ட முகவரியில் இருபத்தாறு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே நிலையத்துக்கு வந்தேன். ப்ரேரி சந்தை என்னும் மளிகை அங்காடியின் சேவை கவுண்டரில் வேலை பார்க்கும் ரோண்டா ஹேபெக் என்பவர், வெர்னான் லூத்கே என்ற முதியவரைப் போனில் ஏமாற்றிய கும்பலுக்கு உடந்தையாக இருந்தாரோ என்று சந்தேகம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த விஷயத்தில் என் பங்கு என்ன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் நான்கு வருடங்களாகப் பரிசு அட்டைகள், அதாவது கிஃப்ட் கார்டுகள், வாங்கி வருகிறேன். யாருக்கும் பரிசு கொடுப்பதற்காக அல்ல. ஐந்நூறு டாலர் அட்டையை என் கிரெடிட் கார்டில் வாங்கினால் கிரெடிட் கார்டு கம்பெனி பாயிண்ட் தரும், மளிகைக் கடையில் வாங்கினால் நான்கு மடங்கு தரும். அதன் பிறகு அந்தப் பரிசு அட்டையைக் கொடுத்து என் பெயருக்கே மணியார்டர் எடுப்பேன், அதை என் வங்கியில் போடுவேன், அந்தப் பணத்தைக் கொண்டே கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டிவிடுவேன். அட்டை ஒன்றுக்கு ஆறு டாலர் கட்டணம் போகும், பாயிண்ட் மட்டும் கையில் நிற்கும். டிடெக்டிவ் மேலண்ட் இதை மூன்று முறை கேட்டுவிட்டு, "அப்போ பணம் ஊரைச் சுத்திட்டு கிளம்பின இடத்துக்கே வந்து சேருது, அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. வங்கிக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

எதற்காக என்று கேட்டதன் பேரில் சொல்கிறேன். என் கணவர் கூரை போடும் வேலை செய்தவர். ஆறு வருடங்களுக்கு முன் விழுந்ததில் முதுகெலும்பில் இரண்டு கம்பிகள் வைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது, சர்ச்சில் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டேதான் பிரசங்கம் கேட்பார். எங்கள் ஒரே மகள் பெக்கா நியூசிலாந்தில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைக்கு மூன்று வயது ஆகிறது. நாங்கள் இருவரும் இன்னும் பேத்தியைத் தொட்டதில்லை. கால் நீட்டிப் படுக்கும்படியான விமான இருக்கை என்றால்தான் கிளென் போக முடியும். அப்படி இரண்டு இருக்கைகள் வாங்கும் பணத்தில் ஒரு கார் வாங்கலாம். பாயிண்ட்டில் வாங்கலாம் என்று தெரிந்த அன்று ஆரம்பித்தேன். கிளென் முதலில் கேலி செய்தார், பிறகு அட்டைகளின் பின்னால் ரகசிய எண்ணை மறைக்கும் பூச்சைச் சுரண்டித் தர ஆரம்பித்தார்.

இந்தக் காரியத்தைச் செய்பவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. எங்களுக்குள் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருக்கிறது. கடையில் இன்னொருவரைப் பார்த்தால் பேசக் கூடாது, எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. பேச்சு பரவினால் கடைக்காரன் ஆளுக்கு இரண்டு அட்டைதான் என்று சட்டம் போட்டுவிடுவான். ஆகவே நாங்கள் ஒருவர் கையில் இருக்கும் அட்டைகளை ஒருவர் பார்ப்போம், முகத்தைப் பார்க்க மாட்டோம். பக்கத்து ஊர்க் கடை ஒன்று, ஒரு பாட்டி போனில் எவனோ சொன்னபடி அட்டை வாங்கி ஏமாந்த பிறகு அட்டை விற்பதையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு எனக்கு மிஞ்சியது ப்ரேரி சந்தை மட்டுமே.

ரோண்டாவை எனக்கு அந்தக் கவுண்டரில் மட்டும் பழக்கம். அவர் பின்னால், போனில் யாரேனும் வாங்கச் சொல்லி அட்டை வாங்குகிறீர்களா, ஏமாறாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். முதல் தடவை என்னிடமும் கேட்டார், மேனேஜரையும் கூப்பிட்டார். பாயிண்ட்டுக்காக என்று இருபது நிமிடம் விளக்கினேன். கடைசியில் அவர், "நீங்க சொல்றதுல ஒரு வரி கூடப் புரியல மார்சியா. ஆனா நீங்க ஏமாறுற ஆள் இல்லைன்னு மட்டும் புரியுது" என்றார். அதன் பிறகு கேட்டதில்லை. என்னைப் பார்த்தாலே, "வாங்க, இன்னைக்கு எத்தனை கல்யாணத்துக்கு மொய்?" என்பார்.

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு வேலை முடிந்து அங்கு போனேன். அந்த வாரம் மட்டும் அட்டைக்குக் கட்டணம் இல்லை என்று சலுகை இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். அவர்தான் வெர்னான் லூத்கே என்பதும், பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர் என்பதும் டிடெக்டிவ் சொல்லித்தான் தெரியும். விதைக் கம்பெனித் தொப்பி போட்டிருந்தார். கையில் ஐந்நூறு டாலர் அட்டைகள் நான்கும் ஒரு கிரெடிட் கார்டும் இருந்தன. ரோண்டா அவரிடம், "ஐயா, யாராவது போன் பண்ணி இதை வாங்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, எனக்குத்தான்" என்றார். எதற்கு என்று ரோண்டா கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்தார். நாங்களும் அந்தக் கேள்விக்கு அப்படித்தான் நிற்போம். என் ஆரம்ப நாள் நினைவுக்கு வந்து, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் பின்னாலிருந்து, "விடுங்க ரோண்டா, பாயிண்ட்டுக்குத்தான். அவரும் எங்க கட்சி" என்றேன். பெரியவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, ரோண்டாவிடம், "ஆமாம்மா, பாயிண்ட்டுக்குத்தான்" என்றார். ரோண்டா சிரித்துக்கொண்டே, "கூட்டம் சேர்த்துட்டீங்க போல" என்று அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பதில் அவரிடம் இருக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

அதன் பிறகு மார்ச் 14, வியாழக்கிழமை, அதே நேரத்துக்குப் போனேன். சலுகைக்கு அதுவே கடைசி நாள். என் கார்டின் மாதக் கணக்கும் மறுநாள் முடிவதாக இருந்தது. இன்னும் ஆறு அட்டைகள் வாங்கினால் இரண்டு இருக்கைக்கும் பாயிண்ட் நிறைந்துவிடும். மேற்படி பெரியவர் மறுபடியும் எனக்கு முன்னால் நின்றார், இந்த முறை பத்து அட்டைகள். ரோண்டா வாய் திறப்பதற்கு முன்பே அவர், "பாயிண்ட்டுக்கு" என்றார். கோட்டுக்குள்ளிருந்து வங்கிக் கவர் ஒன்றை எடுத்து, அதிலிருந்து நூறு டாலர் நோட்டுகளை எண்ணி வைத்தார். இடது கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தார். பைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. ரோண்டா நோட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இவரும் உங்க கணக்குதானே மார்சியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பெரியவர் கையிலிருந்து ஒரு அட்டை நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். "நன்றிம்மா, இன்னைக்குள்ள முடிக்கணும்" என்றார். அவர் போன பிறகு என் ஆறு அட்டைகளை வாங்கினேன். ரோண்டா, "இதோட கல்யாண சீசன் முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

சனிக்கிழமை பாயிண்ட் ஏறியது. ஜூன் மாதத்துக்கு இரண்டு இருக்கைகள் எடுத்தேன். கிளென் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அளவு நாடாவை எடுத்து வந்து, அந்த இருக்கையின் நீளத்தைக் கூடத்துத் தரையில் குறித்து, அதில் படுத்துப் பார்த்தார்.

நேற்று, திங்கட்கிழமை, பாலும் முட்டையும் வாங்க ப்ரேரி சந்தைக்குப் போனபோது கவுண்டரில் வேறு பெண் இருந்தார். ரோண்டாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு தாத்தா, ஏழாயிரம் டாலர். பேரன் ஜெயில்ல இருக்கான், அட்டை நம்பரைச் சொன்னா விடுறோம்னு எவனோ போன்ல சொல்லியிருக்கான். ரெண்டு தடவையும் வித்தது ரோண்டா, அதான் அவளுக்கும் பங்கு இருக்குமோன்னு போலீஸ் கேக்குது. யாரோ ஒரு கஸ்டமர் பாயிண்ட்டுக்குன்னு சொன்னாங்கன்னு சொல்றா, பேரு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குறா" என்றார். நான் முட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் கிளெனிடம் செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொன்னேன். "தெரியாம சொன்னதுதானே மார்சி, போய் அப்படியே சொல்லிடு" என்றார். அதன்படி இன்று காலை வந்தேன்.

இதுவரை எழுதியதை டிடெக்டிவ் மேலண்ட் எனக்குப் படித்துக் காட்டினார். அதன் முடிவில், "மேற்படி நபர் ஏமாற்றப்படுகிறார் என்பது இரண்டு நாளும் எனக்குத் தெரியாது" என்று அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். நான் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டதற்குப் பின்வருமாறு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை அவர் கவரைப் பிரித்ததுமே தெரிந்தது. ரொக்கத்துக்குப் பாயிண்ட் கிடையாது. பாயிண்ட்டுக்காக வாங்கும் எவரும் ரொக்கம் கொடுத்து வாங்க மாட்டார்கள், செத்தாலும் மாட்டார்கள். அன்று அந்தக் கவுண்டரைச் சுற்றி நின்றவர்களில் இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். ரோண்டாவுக்குத் தெரிய வழியில்லை, அதனால்தான் என்னைக் கேட்டார். தினமும் நூல் போட்டுப் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று என் நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்பவர்களை முப்பது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். இவர் பொய் சொல்கிறார் என்றும், பயத்தில் சொல்கிறார் என்றும் தெரிந்தது. ஆனால் நான் இல்லை என்று சொன்னால் ரோண்டா மேனேஜரைக் கூப்பிடுவார், மேனேஜர் வந்தால் அன்றைக்கு யாருக்கும் அட்டை கிடையாது. எனக்கு ஆறு அட்டைகள் வேண்டியிருந்தன.

டிடெக்டிவ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இப்படி எழுதணும்னு கட்டாயம் இல்ல. தெரியாதுன்னு இருந்தாலே ரோண்டாவுக்குப் போதும்" என்றார். போதாது என்றேன். ஒருவருக்கும் தெரியாது என்று எழுதினால், கேட்க வேண்டியதை ரோண்டா கேட்கவில்லை என்று ஆகிவிடும். அவர் கேட்டார். தெரிந்தவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

டிக்கெட்டை ரத்து செய்தால் பாயிண்ட் முழுவதும் ஒன்றுகூடக் குறையாமல் என் கணக்குக்குத் திரும்பிவிடும். லூத்கேயின் பணம் திரும்புமா என்று கேட்டேன், திரும்பாது என்றார். வழக்கு ஜூன் மாதம் வரலாம், அப்போது ஊரில் இருப்பீர்களா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். கிளெனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மேலே உள்ளது முழுவதும் நான் சொல்ல எழுதப்பட்டது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் முறை படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. "தெரியாது" என்ற வரி என் முன்னிலையில் அடிக்கப்பட்டு, "வியாழக்கிழமை தெரியும்" என்று திருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும், கீழேயும் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) மார்சியா ஜெலின்ஸ்கி