சகாயராணிக்குப் பம்பாய் காட்டியது

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பம்பாயைச் சுற்றிக் காட்டுவது தாராவியில் எங்கள் வழக்கம். சகாயராணிக்கும் அதைத்தான் செய்தேன். கணேசபாண்டியன் ஐயா, நான் சொல்வதை நீங்கள் போலீசுக்கு மராத்தியில் எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

அவள் என் வீட்டுக்காரர் வேதமுத்துவின் முதல் மனைவி. அப்படி ஒருத்தி இருப்பதே, இந்த வருஷம், எண்பத்து நாலில், ஈஸ்டர் கழிந்து அவள் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். அவளுடையது கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடந்த கல்யாணம். என்னுடையது பாந்த்ரா மாதா கோயில் வாசலில் தாலி கட்டியதோடு முடிந்தது. பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள் எடுத்துக் காட்டினாள். எட்டு வருஷம் குடித்தனம் நடத்திய நானும் என் இரண்டு பெண்பிள்ளைகளும் அவருக்கு என்ன உறவு என்று அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரே அறை. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டினோம். அவள் கெட்டவள் இல்லை. விடியுமுன் எழுந்து குழாயடியில் குடம் வைத்து இடம் பிடிப்பாள். என் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவாள். அவர்கள் பெரியம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் வேதமுத்துவின் பாய் திரைக்கு அந்தப் பக்கம் போனது. நான் சண்டை போடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு அவளைச் சர்ச்கேட்டுக்கு ரயிலில் கூட்டிப்போனேன். மியூசியம் பார்த்தோம். கேட்வேயில் லாஞ்சுப் படகு ஏற நின்ற கூட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு இந்தி தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. பாதி வழியில் தொலைந்துபோனாள் என்று வேதமுத்துவிடம் சொன்னேன். அவர் தேடப் போனார். நான் கறி சமைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பூதத்தான் என்கிற நம் ஊர்ச் சுமைகூலிக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டார். கால் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டத்துல நாந்தான் ஒங் கைய விட்டுட்டேன், தங்கச்சி. பிள்ளையள வீட்டுல போட்டுட்டு எவ்ளோ நேரம் தேடுனியோ."

திட்டியிருந்தால் அவளைச் சும்மா விட்டிருப்பேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவளோடு ஒரே கூரைக்குள் எத்தனை நாள் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

கால் வீக்கம் வடிய ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கடலோரத்துப் பார்வைக் கோபுரத்துக்குக் கூப்பிட்டேன். பயமாக இருக்கிறது என்றாள். நான் இருக்கிறேனே என்றேன். வழி நெடுக என் மணிக்கட்டை விடவே இல்லை. வளையல் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். சுழல் படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். மேலே போனதும் மலைத்துவிட்டாள். கப்பல்களைக் காட்டினேன். மலபார் ஹில்லைக் காட்டினேன். காவலாளி மறுபக்கம் ஒரு குஜராத்திக் குடும்பத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடு எந்தப் பக்கம் இருக்கு, தங்கச்சி?" என்று கேட்டாள்.

நம்ம வீடு என்றாள்.

"எட்டிப் பாருக்கா, தெரியும்."

எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

தள்ளினாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தள்ளவில்லை. தள்ளியதாக எழுதினால் நான் கைநாட்டு வைக்க மாட்டேன். அவள் குள்ளம். சுவர் அவளுக்கு நெஞ்சுவரை இருந்தது. பார்க்கத் தோதாக இரண்டு காலையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.