தோள்பையில் வைத்த டப்பா

நெடுந்தூர நடைக்குப் பை கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது பாரம். வாசலில் இறகாக இருக்கும் பை, வாசுதேவநல்லூர் தாண்டியதும் அம்மிக்கல்லாகிவிடும், கண்ணுகளா.

என் தம்பி ஐயாதுரை ராஜபாளையத்திலிருந்து சபரிமலைக்கு நடந்து போனது எண்பத்தெட்டாம் வருஷம். மாலை போட்ட நாளிலிருந்தே அவனைத் தயார் செய்தேன். உள்ளங்கால் உரம் ஏற, வெள்ளிதோறும் வெறுங்காலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கூடவே நடந்து, ஆண்டாளைக் கும்பிட்டுத் திரும்புவேன். வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவேன். தாயில்லாத அவனை ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் நான். அதற்காகவே கழுத்தை நீட்டாமல் இருந்தவள்.

இருமுடியைக் குருசாமி கட்டுவார். தோள்பை என் பொறுப்பு. வறுத்த அரிசிமாவு, எள்ளுருண்டை, ஒரு போர்வை, தீப்பெட்டி. பிறகு மாத்திரை டப்பா.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அவன் வேலை பார்த்த மில்லில் தெரிந்தால் மெஷின் பக்கம் விடமாட்டார்கள் என்று, மாத்திரையைப் பேரில்லாத டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஆலங்குளத்தில் அவனுக்கு நிச்சயமான சண்முகத்தாய்க்கும் தெரியாது. தையில் கல்யாணம். அதன்பின் குடித்தனமும் அங்கேதான்.

"மலை எறங்குனதும் அவகிட்ட சொல்லிருதேன்க்கா. பொறவு மாத்திரைய அவ பாத்துக்கிடுவா. நீ எம்புட்டு நாளைக்குத்தான் என்னையவே கட்டிக்கிட்டு அழுவ?"

நல்ல பிள்ளை. அக்காவுக்கு ஓய்வு கொடுக்க நினைத்தான்.

கிளம்பும் அன்று சேதுபதி குருசாமி பையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏ குருவம்மா, சாமி மலைக்குப் போறாரா, தனிக்குடித்தனம் போறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாசலில் தேங்காய் உடைத்து இறங்கினான். மலைக்குப் போகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. நாமும் பின்னால் கூப்பிடக் கூடாது.

டப்பாவில் இருந்தவை எனக்கு மூட்டுவலிக்குக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள். அதே வெள்ளை, அதே பருமன். மூன்றாம் நாளுக்குள், புளியங்குடிப் பக்கம் வலிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். தூக்கி வந்து என் மடியில் போடுவார்கள். ஊர் பேசும். ஆலங்குளத்துக்காரர்கள் சம்பந்தத்தை முறிப்பார்கள். தம்பி வீட்டில் இருப்பான். அவ்வளவுதான் நான் கேட்டது.

மூன்றாம் நாள் சேதி இல்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டு மலைச்சாமி செங்கோட்டையிலிருந்து வந்தவர், "ஒந்தம்பிய அங்க பாத்தேன். கல்லு மாதிரி நடக்காரு" என்றார். செங்கோட்டை தாண்டினால் மலை, காடு, ஆறு. அசல் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். செங்கோட்டை பஸ் அரைமணிக்கு ஒன்று வந்தது. நாலு பஸ்ஸைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். மாலை போட்டவனைப் பின்னால் போய்க் கூப்பிடுவது ஆகாதே.

எட்டாம் நாள் பம்பையில், முழங்கால் தண்ணீரில் குளிக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. அத்தனை கூட்டத்தில், முங்கியவன் எழவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சண்முகத்தாய்க்கு மறுவருஷமே வேறிடத்தில் கல்யாணமாயிற்று. அசல் மாத்திரைகள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வாசலில் இறங்கும்போது அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், அப்போதே கொடுத்திருப்பேன்.