நாற்பத்தொன்றாவது வரிசை

நாற்பது ஆண்டுக்காலம் நோயாளிகளின் நாடியைப் பிடித்த கையால் இன்று நம் சங்கத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டு அவைத்தலைமை ஏற்றிருக்கும் செவிலியர் அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரமாகப் பார்த்து நாற்காலி போட்டிருக்கும் நண்பர்களே! ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒற்றைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இங்கே வந்து கூட்டமாக உட்கார்ந்திருக்கும் என் சங்கத்து உறவுகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

யாரையாவது விட்டுவிட்டேனா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்காரரா? ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒரு பெயரும் விடுபடக் கூடாது என்று ஆறு மாதமாக எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

அதோ மேசைமேல் ஒரு கேடயம் இருக்கிறது. நீங்கள் எனக்கு வைத்த 'லிஸ்ட்காரர்' என்ற பெயரைப் பொறித்து, அதன்கீழ் 'உயிர் காத்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவி அம்மா அதைக் கையில் எடுத்தபோது, முதலில் பேசிவிடுகிறேன் என்று நான் தடுத்தேன். என்ன அடக்கம் என்று கை தட்டினீர்கள். அடக்கமாவது மண்ணாவது! பயம் ஐயா, பயம். நான் சொல்லப்போவதைக் கேட்டபிறகும் அதை எனக்குக் கொடுப்பீர்களா என்ற பயம்.

நம் சங்கம் எதற்கு ஏற்பட்டது? தனியே வாழ்கிறவர்களை நாளுக்கு ஒருமுறையாவது ஒருவர் விசாரிக்க வேண்டும் என்பதற்கு. அறுபத்து மூன்று பேர் நாம். காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவருடைய கைப்பேசிக்கும் ஒரு செய்தி போகும். பத்து மணிக்குள் பதில் வராவிட்டால் கூப்பிட்டுப் பார்ப்போம். எடுக்காவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்டுவோம். மருத்துவமனையின் ஆவண அறையில் முப்பது ஆண்டு எக்செல் தாளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால், பட்டியல் என் தலையில் விழுந்தது.

எக்செல் தாள் என்றால் என்ன? பயந்துவிடாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டம். கட்டத்துக்குக் கீழே கட்டம். ஒரு கட்டத்தில் இருப்பது அடுத்த கட்டத்தில் இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது. நம் அடுக்குமாடியேதான், சந்தேகமென்ன? அந்தக் கட்டங்களைச் சேர்த்துக் கோக்க ஒரே ஒரு குறி உண்டு. 'அண்ட்' குறி என்போம். 'காலை வணக்கம்' ஒரு துண்டு, அண்ட், கூப்பிடும் முறை ஒரு துண்டு, அக்கா என்றோ அண்ணன் என்றோ, அண்ட், விசாரிக்கும் கேள்வி ஒரு துண்டு. மூன்றும் சேர்ந்தால் ஒரு செய்தி. நடுவே இடைவெளி போட மறந்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மறந்துதான் போனேன். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாரே நம் தையல்காரர் அக்கா, அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க." சிரியுங்கள், சிரியுங்கள். இன்றைக்குச் சிரிக்கக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான்.

அந்த மூன்றாவது துண்டு இருக்கிறதே, அந்தக் கேள்வி, அது என்னுடையது இல்லை. என் மனைவியுடையது. நான் எல்லோருக்கும் 'நலமா' என்றுதான் போட்டிருந்தேன். அவள் தோளுக்குமேலே எட்டிப் பார்த்தாள். "எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டா அது விசாரிக்கிறது இல்லைங்க, நோட்டீஸ் ஒட்டுறது" என்றாள். பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் அந்தந்த ஆளுக்கான கேள்வியை எழுதினாள். தையல்காரர் அக்காவுக்கு, "கண்ணுக்கு மருந்து விட்டாச்சா?" லிப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற நம் லிப்ட் அண்ணனுக்கு, "முட்டிவலி இன்னைக்கு எப்படி?" நாற்பத்தொன்றாவது வரிசை எங்கள் வீடு. நாங்கள் இரண்டு பேர், பட்டியலில் சேரத் தகுதி கிடையாது. சோதித்துப் பார்க்க ஒரு வரிசை வேண்டுமே என்று என் பெயரைப் போட்டிருந்தேன். அதற்கும் ஒரு கேள்வி எழுதினாள்: "சட்டைப் பொத்தானைச் சரியாப் போட்டாச்சா?" காலங்காலமாக ஒரு பொத்தானை மாற்றிப் போடுகிறவன் நான். தினமும் எட்டு மணிக்கு என் தாளிலிருந்து என் கைப்பேசிக்கே அந்தக் கேள்வி வரும். "போட்டாச்சு" என்று பதில் போடுவேன். அடுக்களையிலிருந்து அவள் சிரிப்பாள்.

மூன்று துண்டையும் கோக்கும் அந்தச் சூத்திரத்தை அறுபத்து மூன்று வரிசைக்கும் கையால் எழுதினால் விடிந்துவிடும். அதனால் அதை எழுதுவதற்கென்றே ஒரு மேக்ரோ எழுதினேன். சூத்திரம் எழுதும் எழுத்தரை வேலைக்கு வைத்த மாதிரி என்று வையுங்கள். அதற்குள் ஒரு மேற்கோள் குறி வர வேண்டுமென்றால் நான்கு மேற்கோள் குறி போட வேண்டும், அதைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்றதுக்கு இத்தனை வேலியா?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த எழுத்தருக்கு நான் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று. தினமும் காலையில் பழைய சூத்திரங்களை அழித்துவிட்டு முதல் வரிசையில் தொடங்கு. ஒவ்வொரு வரிசையாக இறங்கு. 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட' என்ற கட்டத்தைப் பார். அது எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே நில். ஏன் அந்தக் கட்டம்? அதை நிரப்பாமல் நம் சங்கத்தில் யாரையும் சேர்ப்பதில்லை அல்லவா? ஆகவே அது காலியாக இருந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

போன ஆண்டு அவள் போய்விட்டாள். உங்களுக்குத் தெரியும், எல்லோரும் வந்தீர்கள். சோதனைக்குப் போட்ட வரிசை உண்மையான வரிசை ஆகிவிட்டது.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்ற கட்டத்தில் அவள் பெயரும் எண்ணும் எட்டு மாதம் அப்படியே கிடந்தன. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஏன் என்று கேட்காதீர்கள், அந்த எண்ணைக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள். "யாருங்க வேணும்?" என்று ஓர் ஆண்குரல். எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். யார் வேண்டும் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? வைத்துவிட்டேன். தாளைத் திறந்தேன். அந்தக் கட்டத்தில் இருந்ததை அழித்தேன். ஒரு விசையைத் தட்டினால் போதும், அவ்வளவுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. எனக்குச் செய்தி வரவில்லை. பொத்தானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவள் பெயரை அழித்தேன், அவள் கேள்வியும் நின்றது, நியாயம்தானே என்று நினைத்தேன். பெயருக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு கட்டம், இது வேறு கட்டம். முப்பது ஆண்டு இதையே செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் தாளைத் திறந்து பார்க்கவில்லை. 'வேலை முடிந்தது' என்று திரையில் வழக்கம்போல வந்தது, மூடிவிட்டேன். புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. பொத்தான் போடாத சட்டையோடு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் லிப்ட் அண்ணன். நான்கு மாடி ஏறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. எங்கள் கட்டடத்து லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை, இன்றைக்கும் ஓடவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கீங்களா? மூணு நாளா செய்தி வரலை. அனுப்புற ஆளுக்கே ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

உங்களுக்குமா வரவில்லை என்று கேட்டேன். தாளைத் திறந்தேன். நாற்பது வரிசைவரை சூத்திரம். நாற்பத்தொன்றில் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே? கீழே ஒன்றுமே இல்லை! நான் காலியாக்கிய கட்டத்தில் அந்த எழுத்தர் சொன்னபடி நின்றுவிட்டார். என்னோடு சேர்த்து இருபத்து மூன்று பேரை மூன்று நாளாக யாரும் விசாரிக்கவில்லை. செய்தியே போகாததால், பதில் வரவில்லை என்று தேடவும் இல்லை.

இருபத்தொரு பேரை வரிசையாகக் கூப்பிட்டோம். இருபது பேர் எடுத்தார்கள். ஒருவர் எடுக்கவில்லை.

தையல்காரர் அக்கா வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளியலறையில் விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காவலாளியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் கதவை உடைத்து நுழைந்தபோது வெள்ளிக்கிழமை பத்து மணி. வியாழன் செய்தி ஒழுங்காகப் போயிருந்தால் அன்றைக்கே பதினொரு மணிக்குள் நாம் அங்கே இருந்திருப்போம். ஒரு முழு நாள், ஈரத் தரையில், அவர் கிடந்தார். நான் கிடக்க வைத்தேன்.

'பட்டியல்தான் கண்டுபிடித்தது' என்று காவலாளி ஊரெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை. நீங்கள் பாராட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. லிப்ட் அண்ணன் மட்டும் ஒருநாள் சொன்னார், "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நானா வாயைத் திறக்க மாட்டேன். ஆனா யாராச்சும் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." யாரும் கேட்கவில்லை. கேடயம் அடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

பெரியோரே, தாய்மார்களே! இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அது என் தப்பைவிட என்னை அதிகமாக உறுத்துகிறது. அந்த இருபது பேரிடமும், செய்தி வரவில்லையே, ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். ஒருவர், போன கூட்டத்துக்கு வராததால் பெயரை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தாராம். ஒருவர், தன் பதில்கள் நீளமாக இருப்பது தொந்தரவாகிவிட்டது என்று நினைத்தாராம். ஒரு பெரியவர், "சரி, இவங்களும் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார், கோபமே இல்லாமல். கோபமே இல்லாமல், ஐயா! நம்மை யாரும் கேட்காமல் போவது அத்தனை இயல்பாகிவிட்டதா? கதவு தட்டப்படாமல் போனால், தட்டாதது நியாயம் என்று நாமே தீர்ப்பு எழுதுகிறோமா? மற்றவர்களைச் சொல்வானேன், முதலில் அப்படி எழுதியவன் நான்தானே?

மேக்ரோவைத் திருத்திவிட்டேன். இப்போது அதற்குக் கட்டளை வேறு. கடைசி ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலில் பார், அவர்வரை போ, நடுவில் காலி வந்தாலும் நிற்காதே, அந்த வரிசைக்கும் எழுதிவிட்டுத் தாண்டிப் போ! உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். செய்தி வராவிட்டால் சும்மா இருக்காதீர்கள். சண்டைக்கு வாருங்கள். என் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். லிப்ட் அண்ணன் மாதிரி மூச்சு வாங்க மாடியேறி வந்து கேளுங்கள். ஓர் உயிரைக் காத்தவை அந்த மூட்டுவலிக் கால்கள்தான். கேடயம் அவருக்குப் போகட்டும். என்ன அண்ணே, கையை ஆட்டுகிறீர்கள்? உட்காரச் சொல்கிறீர்களா? இதோ, முடித்துவிடுகிறேன்.

திருத்திய மறுநாள் என் செய்தியும் வந்தது. பொத்தானைச் சரியாகப் போட்டாச்சா என்று. ஆறு மாதமாக அதற்கு நான் பதில் போடவில்லை. பதில் வராதவர் பட்டியலில் தினமும் என் பெயர் நிற்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கிறவனும் நான்தான் என்பதால், என்னைத் தேடி யாரும் வருவதில்லை.

தையல்காரர் அக்கா, உங்களிடம் தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதமாக உங்கள் வாசல்வரை வந்து வந்து திரும்பினேன். மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா.

கொஞ்சம் அமைதி. அக்கா ஏதோ சொல்கிறார்... அமைதி, அமைதி. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

"ஒரு நாள் பூரா கிடந்தேன். அதை மறக்க எனக்கு நாளாகும், இப்பவே மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கட்டத்தை இன்னும் காலியாவா வெச்சிருக்கீங்க? என் பேரைப் போடுங்க. விழுந்து கிடந்தவளுக்குத்தான் தெரியும், யாராச்சும் வரணும்னு."

போடுகிறேன் அக்கா. இன்றைக்கே போடுகிறேன்.

அவைத்தலைவர் அவர்களே, உறவுகளே, பொறுமையாக இருந்த கதவோர நண்பர்களே, நாளைக் காலை எட்டு மணிக்கு அறுபத்து மூன்று பேருக்கும் செய்தி வரும். வராவிட்டால் என் வீடு நான்காவது மாடி. இத்தனை நேரம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள்...

என்ன அக்கா? இன்னும் ஏதோ சொல்கிறீர்களா? சட்டையா? ஆமாம். இரண்டாவது பொத்தான், மூன்றாவது துளையில். தையல்காரர் கண்ணுக்குத் தப்புமா? கூட்டம் தொடங்கியதிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு நிமிடம் பொறுங்கள்.

போட்டாச்சு, அக்கா.

எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.