அவன் தருகிறேன் என்ற மண்

துருப்பிடிக்காது என்று கடைக்காரன் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதித் தகட்டை வாங்கினேன். நல்ல தகடு ஐயா. இப்போதும் அசையாமல் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

என் வீடு மேட்டில், தம்பி வீடு பள்ளத்தில். நடுவில் சரிவாக என் தோட்டம். ஒவ்வொரு மழைக்கும் என் மண் கரைந்து அவன் பக்கம் போய்ப் படியும். இங்கே வேர் பல்லிளிக்கும், அங்கே கத்தரி காய்த்துத் தள்ளும். கூடையோடு மேலே ஏறி வருவான். "அண்ணே, உங்க மண்ணுல காய்ச்சது, சாப்பிடுங்க" என்று சிரிப்பான். விளையாட்டுக்குச் சொன்னான் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு என்ன தெரியும்.

அதனால்தான் சரிவின் குறுக்கே தகடு பதித்தேன். வேலைக்கு வந்த வெல்டிங்காரன் மட்டம் பார்த்துவிட்டு நின்றான்.

"பெரியவரே, மட்டமா வெச்சு நடுநடுவுல சந்து விடணும். இப்படிச் சாய்ச்சா மொத்தத் தண்ணியும் கீழ் வீட்டுச் செவுத்துலதான் போய் முட்டும்."

"உனக்குக் கூலி குடுக்கறது நானா, கீழ் வீடா?"

தகட்டைப் பிடித்து நிறுத்தும் முளைகளை அடித்து இறக்கினான். சந்து விட்டால் அதன் வழியே மண் போகாதா? தெருப் பக்கமாகச் சாய்த்திருக்கலாம், அது உண்மைதான். சாய்க்கவில்லை.

முதல் மழையிலேயே மண் நின்றுவிட்டது. தம்பி முட்டி வலியோடு ஏறி வந்தான்.

"செவுரு ஊறுது அண்ணே. கட்டில நகத்திப் போட்டுட்டேன். தகட்ட அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சாப் போதும்."

"தண்ணி என் பேச்சக் கேக்குமாடா?"

அதற்கும் சிரித்தான்.

அடுத்த மழை விடாமல் பெய்தது. நண்பகலில் கீழேயிருந்து கூப்பிட்டான். மேலேயிருந்து அவன் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். நகர்ந்தால் சுவர் சரிந்துவிடும் என்று நினைத்தான் போல.

"அண்ணே, தகட்டப் பிடுங்கி விடுங்க. மண்ணு வந்தா வரட்டும். எல்லாத்தையும் நானே வாரிக் கொண்டாந்து தர்றேன்."

கடப்பாரையோடு போனேன். ஒரு முளையை நெம்பினால் போதும். நுனியை முளைக்கு அடியில் கொடுத்தும் விட்டேன். அப்போதுதான் தகட்டுக்குப் பின்னால் பார்த்தேன். கணுக்கால் உயரத்துக்குக் கறுப்பு மண், அத்தனையும் என்னுடையது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் இந்த வயதில் நான் என்ன செய்ய முடியும்? நெம்பாமல் நின்றேன். அவனை வெளியே வரச் சொல்லவும் இல்லை. இன்னொரு முறை "அண்ணே" என்றான், சத்தம் போடாமல். சுவர் உட்கார்ந்துவிட்டது.

அவனை எடுக்கும்போது நானும் மண்வெட்டி பிடித்தேன். அள்ளிய மண்ணையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே கொட்டினார்கள் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நீங்களாவது விசாரித்துச் சொல்லுங்கள். அவனே தருகிறேன் என்று சொன்ன மண் ஐயா அது.